ரேம் 88 விழுக்காடு காட்டுகிறது, கூட்டிப் பார்த்தால் 3 ஜிபிதான் வருகிறது. மீதி எங்கே?

தோட்டத்துக் கிராணி
சுங்கை சிப்புட்

வணக்கம். தோட்ட அலுவலகத்தில் இரண்டு கணினிகள், இரண்டுமே படுத்துக்கொண்டன. கடையில் கேட்டால் பார்க்காமலேயே "16 ஜிபி போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். வெள்ளி கொடுப்பதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஒன்று மடிக்கணினி. ரைசன் 5 3500யு, 8 ஜிபி டிடிஆர்4, 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. எக்செலில் செக்ரோலும் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) குலை எடைக் கணக்கும், குரோமில் 20, 25 டேப் (இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி, மைடேக்ஸ் வருமான வரி, வங்கி), கூடவே வாட்ஸ்அப். வேலை நேரத்தில் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: மொத்தம் 5.9 ஜிபி, இன் யூஸ் 5.2, அவைலபிள் 0.7, கமிட்டெட் 11.3/14.4, கேஷ்டு 0.6, பேஜ்டு பூல் 410 எம்பி, நான்பேஜ்டு பூல் 1.6 ஜிபி, ஹார்ட்வேர் ரிசர்வ்டு 2.1 ஜிபி, ஸ்பீட் 2400, ஸ்லாட்ஸ் யூஸ்டு 2/2.

எனக்குப் புரியாதது இதுதான். 8 போட்ட இடத்தில் 5.9 எப்படி? பிராசஸஸ் பட்டியலில் உள்ளதையெல்லாம் கால்குலேட்டரில் கூட்டினால் 3 ஜிபிதான் வருகிறது, ஆனால் 5.2 ஓடுவதாகச் சொல்கிறதே? தினமும் மாலையில் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் போகிறேன்.

இன்னொன்று மேசைக் கணினி. ஐ3 நான்காம் தலைமுறை, எச்81 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ஒரே ஸ்டிக், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10. இதில் மெமரி 90க்கு மேல், டிஸ்க் எந்நேரமும் 100. எக்செல் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது.

எதற்கு ரேம் கூட்டுவது, எவ்வளவு கூட்டுவது?

—

ஒன்றும்_சுழியும்

கிராணி ஐயா, வணக்கம். எண்களோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் ஊகம் இல்லாமல் பேச முடிகிறது.

8 எப்படி 5.9 ஆனது என்பதற்கு விடை உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது: ஹார்ட்வேர் ரிசர்வ்டு 2.1 ஜிபி. 3500யு சிப்புக்குள்ளேயே வேகா 8 கிராபிக்ஸ் இருக்கிறது. அதற்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியை முடுக்கும்போதே பயோஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் அடிப்படை நிரல்), ரேமிலிருந்து 2 ஜிபியைப் பிரித்து கிராபிக்ஸுக்கு எழுதிவைத்துவிடுகிறது. விண்டோஸ் அதைத் தொட முடியாது. சில மாடல்களின் பயோஸில் யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ் என்ற அமைப்பு இருக்கும். அதை 512 எம்பி ஆக்கினால் ஒன்றரை ஜிபி காசில்லாமல் திரும்பி வரும், எக்செல் வேலைக்கு அது போதும். பல மடிக்கணினிகளில் இந்த அமைப்பையே தயாரிப்பாளர்கள் மறைத்துவிடுகிறார்கள். இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கூட்டுத்தொகை ஏன் இடிக்கிறது என்றால், பிராசஸஸ் பட்டியலில் வருவது ஒவ்வொரு நிரலும் தனக்கென்று வைத்திருக்கும் பங்கு மட்டும். கர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) எடுத்துக்கொண்டது அந்தப் பட்டியலில் ஏறாது. விண்டோஸ் சுருக்கி வைத்திருக்கும் நினைவகமும் அங்கே தெரியாது. உங்கள் 3 ஜிபியோடு கர்னல், டிரைவர் பங்கான நான்பேஜ்டு 1.6, பேஜ்டு பூல் 0.4 சேர்த்தால் 5.0. மிச்சம் சுருக்கப்பட்டதும் சில்லறையும். கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் அந்த 1.6 ஜிபிதான் நோய். நான்பேஜ்டு பூல் என்பது டிரைவர்கள் பிடித்து வைக்கும் இடம், வட்டுக்குத் தள்ளிவைக்க முடியாதது. இந்த மாதிரிக் கணினியில் சில நூறு எம்பிதான் இருக்க வேண்டும். 1 ஜிபியைத் தாண்டினால் ஏதோ ஒரு டிரைவர் இடத்தை வாங்குகிறது, திருப்பித் தரவில்லை என்று பொருள். இந்த நிலையில் 16 போட்டாலும் சில நாள் நன்றாக ஓடும், பிறகு அதையும் அது தின்னும்.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அப் டைம் எத்தனை நாள் காட்டுகிறது? ஷட் டவுன் செய்வதாகச் சொன்னதால் கேட்கிறேன். பிறகு ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட் அழுத்திவிட்டு, அதே கோப்புகளையும் டேப்களையும் திறந்து இரண்டு மணி நேரம் வேலை பார்த்தபின் எண்களை மறுபடி எழுதுங்கள். ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்தால் மெமரி பக்கத்தில் வலப்புறம் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்று ஒரு வரைபடம் ஓடும், ரேமில் இல்லாததை வட்டிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தது வினாடிக்கு எத்தனை தடவை என்று அது காட்டும். அதையும் கவனியுங்கள்.

—

பழுதுபெட்டி

கிராணி அண்ணே, மேசைக் கணினிக்கு நான் சொல்றேன்.

அங்கே ரேமும் பத்தலைதான், ஆனா ஆளைக் கொல்றது ஹார்ட்டிஸ்க். ரேமில் ஒரு இடத்தைத் தொட சுமார் 100 நானோ வினாடி. எஸ்எஸ்டியில் சுமார் 100 மைக்ரோ வினாடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் வட்டில் முள் நகர்ந்து இடத்தைப் பிடிக்க 10 மில்லி வினாடி, லட்சம் மடங்கு. 4 ஜிபி நிரம்பினதும் விண்டோஸ் பழைய பக்கங்களைப் பேஜ் ஃபைலுக்கு (ரேம் பத்தாதப்ப உதவ வட்டுல ஒதுக்கின கோப்பு) தள்ளும். அந்தப் பேஜ் ஃபைல் சுழலும் வட்டில்தான் கிடக்கு. எக்செல் திறக்க வேண்டியதும் அதே வட்டு, வைரஸ் ஸ்கேன் ஓடுறதும் அதே வட்டு. டிஸ்க் 100 காட்டாம என்ன செய்யும்?

முதல்ல 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடுங்க, 2.5 அங்குலம். அடுத்ததா இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக். எச்81 போர்டுல ரெண்டு ஸ்லாட், 16 ஜிபி வரைக்கும் ஏத்துக்கும். ஆனா இந்த வயசான இயந்திரத்துக்கு 8 போதும். டிடிஆர்3 புதுசு தேடி அலைய வேண்டாம், பழைய ஸ்டிக் சோதிச்சு வாங்கினாலே போதும். வாங்கும்போது ரெண்டு விஷயம். மேசைக் கணினிக்கான 240 பின் நீள ஸ்டிக்கா பாருங்க, மடிக்கணினி ஸ்டிக் 204 பின், உட்காராது. ரெண்டாவது, ஆன்லைன்ல ரொம்ப மலிவா கிடைக்கிற டிடிஆர்3 சிலதுல "ஏஎம்டிக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதுல சிப் அடுக்கு வேற மாதிரி. உங்க இன்டெல் போர்டுல போட்டா திரை கறுப்பாவே நிக்கும். ஸ்டிக் கெட்டதுன்னு கடைக்காரரோட சண்டை போட்டுப் பயன் இல்ல, அது இந்தப் போர்டுக்கு ஆகாத ஸ்டிக்.

ஆனா ஒண்ணு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14ல் நிறுத்திட்டாங்க. ஐ3 நான்காம் தலைமுறை விண்டோஸ் 11 பட்டியல்ல கிடையாது. அதனால இதுக்கு மேல அதுல காசைக் கொட்டாதீங்க. அச்சடிக்க, ஸ்கேன் செய்ய, பழைய கோப்பு பார்க்க வைச்சுக்குங்க. வங்கிக் கணக்கும் இபிஎஃப்பும் மடிக்கணினியிலேயே இருக்கட்டும்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், ரெண்டு கணினிக்கும் சேர்த்து. ரேம் பூஸ்டர், ரேம் கிளீனர் என்று கிடைக்கிறதை இறக்கிப் போடாதீங்க. அது எல்லா நிரலையும் கட்டாயமா வட்டுக்குத் துரத்திட்டு "2 ஜிபி விடுவித்தேன்" என்று காட்டும். அடுத்த நிமிஷம் நீங்க எக்செலைத் தொட்டா எல்லாத்தையும் வட்டிலிருந்து திரும்ப இழுக்கணும். எண் அழகா இருக்கும், கணினி இன்னும் மந்தமாகும்.

—

தோட்டத்துக் கிராணி

நன்றி இருவருக்கும். அப் டைம் 9 நாள் என்று காட்டியது! தினமும் அணைத்துவிட்டுப் போகிறேன், எப்படி என்று தெரியவில்லை.

ரீஸ்டார்ட் செய்து இரண்டு மணி நேரம் கழித்து, அதே 20 டேப், அதே எக்செல்: இன் யூஸ் 4.2, அவைலபிள் 1.7, கமிட்டெட் 8.6/14.4, நான்பேஜ்டு 350 எம்பி. ஹார்ட் ஃபால்ட்ஸ் பெரும்பாலும் தரையில் கிடக்கிறது, நிரல் திறக்கும்போது 300, 400 என்று குத்துகிறது. டேப் 25க்கு மேல் போய் எக்செலுக்கும் குரோமுக்கும் மாறி மாறிப் போனால் சில வினாடிகள் தொடர்ந்து நூறுக்கு மேல் நிற்கிறது.

வேகம் கூடியது உண்மை. அப்படியானால் ரேமே வேண்டாமா? இன்னொரு தொல்லையும் உண்டு. பெரிய செக்ரோல் கோப்பில் ஒட்டும்போது எக்செல் "நினைவகம் போதவில்லை" என்கிறது, அப்போதும் 1 ஜிபிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது.

—

ஒன்றும்_சுழியும்

ஐயா, அந்த 9 நாளுக்குக் காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட் டவுன் அழுத்தினால் விண்டோஸ் உங்கள் நிரல்களை மூடும், ஆனால் கர்னலையும் டிரைவர்களையும் அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். டிரைவர் தின்ற இடமும் அதோடு சேர்ந்தே திரும்பி வரும். ரீஸ்டார்ட் மட்டுமே முழுவதையும் புதிதாகத் தொடங்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் குறியை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் இதனால் நீங்கள் இழப்பது சில வினாடிதான்.

அது நோயை மறைக்கும், தீர்க்காது. நான்பேஜ்டு பூலை மூன்று நாளுக்கு ஒருமுறை தாளில் குறித்து வையுங்கள், 350, 500, 700 என்று ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது. வழக்கமாக மாட்டுவது வைஃபை டிரைவர், லேன் டிரைவர், விபிஎன் அல்லது ஆன்டிவைரஸ் போட்ட வலைவடிகட்டி. மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை, லேன், சிப்செட் டிரைவர்களைப் புதுப்பியுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் விண்டோஸ் டிரைவர் கிட்டில் வரும் பூல்மான் என்ற கருவி இருக்கிறது. திறந்து பி அழுத்தினால் பூல் வகை மாறும், நான்பேஜ்டு மட்டும் தெரியும்வரை அழுத்துங்கள். பிறகு பைட் அளவில் வரிசைப்படுத்தினால் முதலில் நிற்கும் நான்கெழுத்துக் குறி எந்த டிரைவருடையது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரேம் வேண்டுமா என்பதை இன் யூஸ் விழுக்காடு சொல்லாது. காலியாக இருக்கும் ரேமால் யாருக்கும் லாபம் இல்லை என்பதால் விண்டோஸ் அதில் முன்பு படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும், அதுதான் கேஷ்டு. கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும், அதனால் அது அவைலபிளிலேயே சேரும். நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று. வேலையின் உச்சத்தில் அவைலபிள் அரை ஜிபிக்குக் கீழே இறங்குகிறதா? ஏற்கெனவே திறந்திருக்கும் இரண்டு சாளரங்களுக்கு இடையில் மாறும்போது ஹார்ட் ஃபால்ட்ஸ் தொடர்ந்து நூற்றுக்கணக்கில் நிற்கிறதா? ஒரு நிரலை முதன்முறை திறக்கும்போது குத்துவது இயல்பு, அது வட்டிலிருந்து படிக்கத்தான் வேண்டும், கவலை வேண்டாம். மூன்றாவது கமிட்டெட். முதல் எண் நிரல்களுக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் வாக்கு, இரண்டாவது எண் ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த வரம்பு. வாக்கு முழுவதையும் நிரல்கள் தொடுவதில்லை, அதனால் அது ரேமைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் தவறில்லை. ஆனால் 11.3 என்பது உங்கள் 5.9க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அது நெருக்கடி. முதல் எண் இரண்டாவதை முட்டினால் நிரல்கள் தாமாக மூடிக்கொள்ளும். பேஜ் ஃபைலை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்திவிடாதீர்கள், சி டிரைவிலும் 20 ஜிபியாவது காலி வையுங்கள். இடம் இல்லையென்றால் பேஜ் ஃபைலால் வளர முடியாது.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் கமிட்டெட் 8.6, ரேமோ 5.9தான், 25 டேப்பில் தொடர் ஃபால்ட். ஆகவே ரேம் கூட்டுவது நியாயம்தான். அதற்குமுன் குரோம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி சேவரைப் போடுங்கள், தொடாத டேப்களை அது இறக்கிவைக்கும். குரோமுக்குள் ஷிப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று தனிப் பட்டியல் வரும்.

எக்செல் சங்கதி வேறு. ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் போய்ப் பாருங்கள், 32 பிட் என்று இருக்கும் என்று நினைக்கிறேன். 32 பிட் எக்செல், கணினியில் 64 ஜிபி இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் முகவரி போட முடியாது, பழைய பதிப்பாக இருந்தால் 2 ஜிபிதான். 64 பிட் ஆபீஸுக்கு மாற்றினால் தீரும், பழைய 32 பிட் ஆட்இன் (எக்செலோடு சேரும் துணை நிரல்) எதையும் நம்பியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மாற்றுங்கள். கோப்பையும் சோதியுங்கள். கண்ட்ரோல், எண்ட் அழுத்தினால் கர்சர் கடைசிப் பெயர் உள்ள வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு வெகு கீழே ஓடினால், யாரோ காலி வரிசைகளுக்கும் கோடும் நிறமும் போட்டிருக்கலாம். கணக்குக்குக் கீழே உள்ள வரிசைகளைத் தேர்ந்து டெலிட் செய்து சேமியுங்கள். வெறும் அழிப்பு போதாது, வரிசையையே நீக்க வேண்டும்.

—

ஸ்க்ரூடிரைவர்_ஈப்போ

வாங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஸ்லாட்ஸ் 2/2 என்று இருப்பதால் இரண்டு ஸ்டிக் இருப்பதாக நினைத்து 8+8 வாங்கிவிடாதீர்கள். இந்தத் தலைமுறையில் நிறைய மாடல்களில் 4 ஜிபி போர்டிலேயே பற்றவைத்திருக்கும், இன்னொரு 4 மட்டும்தான் ஸ்டிக். டாஸ்க் மேனேஜர் இரண்டையும் ஸ்லாட் என்றே எண்ணும். அடிமூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அப்படி இருந்தால் ஸ்டிக்கை 8 ஆக மாற்றினால் மொத்தம் 12, கிராபிக்ஸ் போக 9.9 உங்களுக்கு. இந்த வேலைக்கு அது தாராளம். 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கு நினைவகச் சிப் போய்க்கொண்டிருப்பதால் ரேம் விலை எகிறிவிட்டது, டிடிஆர்4ம் தப்பவில்லை. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், தேவைக்கு மேலும் வாங்காதீர்கள். கேட்க வேண்டியது: டிடிஆர்4, எஸ்ஓ-டிம், 260 பின், 1.2 வோல்ட், 8 ஜிபி. டிடிஆர்5 ஸ்டிக் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 262 பின், வெட்டு இடம் வேறு, அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

மாட்டும் முறை. முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். அடித் திருகுகளைக் கழற்றும்போது எந்தத் துளையில் எது என்று ஒரு தாளில் படம் போட்டு அதன்மேல் வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்பக்கம் பிதுங்கிவிடும். ரப்பர் காலுக்கு அடியிலும் திருகு ஒளிந்திருக்கும், மூடி வரவில்லை என்று இழுக்காமல் அதைத் தேடுங்கள். மூடியை நெம்ப பழைய பிளாஸ்டிக் அட்டை, கத்தி வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் இணைப்பியைப் பிடித்து எடுங்கள். பிறகு பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். இதைச் செய்யாமல் ரேமைத் தொட்டுப் போர்டையே சாகடித்தவர்கள் உண்டு.

ஸ்டிக்கின் இரு பக்கக் கொக்கிகளையும் ஒரே நேரத்தில் வெளியே விலக்கினால் அது சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில், வெட்டைப் பொருத்தி, தங்கப் பற்கள் கிட்டத்தட்ட மறையும்வரை உள்ளே தள்ளுங்கள். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு கொக்கியும் "டிக்" என்று பிடிக்கும். பாதி உள்ளே போன ஸ்டிக்கை அழுத்தி வைப்பதுதான் நடக்கும் தவறுகளில் முதலாவது.

மூடியைப் பூட்டுவதற்கு முன் பேட்டரியை இணைத்து ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். முதல் முறை திரை ஒன்றிரண்டு நிமிடம் கறுப்பாக நிற்கலாம். புதிய ரேமின் நேர அளவுகளைப் போர்டு பழகிக்கொள்கிறது, பதறி அணைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, ஸ்டிக்கை எடுத்து மறுபடி உட்கார வையுங்கள். பற்களில் மங்கல் தெரிந்தால் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பழைய ஸ்டிக்குகளுக்கு இது அடிக்கடி தேவைப்படும், மேசைக் கணினிக்கு வாங்கும் பழைய டிடிஆர்3க்கும் முதலில் இதைச் செய்யுங்கள்.

12 ஜிபி என்று பயோஸில் தெரிந்தபின் அன்று மாலையே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டுவிட்டுப் போங்கள். யுஎஸ்பியில் எழுதி அதிலிருந்து ஏற்ற வேண்டும், இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள். "ஒன்றுதானே" என்று விட்டால் அது ஒருநாள் செக்ரோலில் ஒருவருடைய சம்பள எண்ணில் போய் உட்காரும்.

—

பழுதுபெட்டி

ஸ்க்ரூடிரைவர் அண்ணே சொன்னதுல ஒண்ணு மட்டும் மாறுபடுறேன். அவர் சொன்ன மாதிரி இருந்தா ஸ்லாட் ஒண்ணே ஒண்ணுதான். இன்னும் நாலு வருஷம் இதே கணினிதான்னா ஒரே தடவையா 16 ஸ்டிக் போட்டு 20 ஆக்கிடலாம். இப்ப 8 வாங்கி அப்புறம் அதையும் கழட்டினா ரெண்டு தடவை செலவு.

—

ஸ்க்ரூடிரைவர்_ஈப்போ

சரிதான், தம்பி, விலை பழையபடி இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அவர் உச்சத்தில் கேட்டது 8.6, கசிவோடு சேர்த்தே 11.3தான். பொருத்தத்திலும் ஒரு வித்தியாசம். 4ம் 8ம் இருந்தால் 4+4 இரட்டைச் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) ஓடும், மிச்ச 4 மட்டும் ஒற்றையில். 4ம் 16ம் என்றால் 12 ஜிபி ஒற்றைச் சேனலில். வேகா கிராபிக்ஸ் ரேமின் அகலத்தை நம்பி வாழ்வது, அதற்கு முதல் பொருத்தமே நல்லது.

—

தோட்டத்துக் கிராணி

மூடியைத் திறந்து பார்த்தேன், சொன்னபடியே ஒரு ஸ்டிக், மற்றது போர்டில். எக்செலும் 32 பிட்தான். கடையில் 2400 ஸ்டிக் இல்லை, 3200 இருக்கிறதாம். வாங்கலாமா?

—

ஒன்றும்_சுழியும்

தாராளமாக வாங்குங்கள், ஐயா. 3500யு 2400க்கு மேல் ஓட்டாது, 3200 ஸ்டிக் தானே இறங்கி 2400ல் ஓடும். சிபியு-இசட் போன்ற கருவியில் 1200 என்று தெரிந்தால் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பயப்பட வேண்டாம், டிடிஆரில் ஒரு துடிப்புக்கு இரண்டு தரவு, 1200 இரண்டு மடங்கு 2400. கழற்றிய 4 ஜிபி ஸ்டிக்கை ஒரு காகித உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். புதியது எப்போதாவது தகராறு செய்தால், அதைத் திரும்பப் போட்டுப் பார்த்துதான் குற்றம் ஸ்டிக்கிலா ஸ்லாட்டிலா என்று பிரிக்க முடியும்.